உண்மைதானே டீச்சர்?

அன்புள்ள பிள்ளைகளே, சொந்தங்களே,

 

இது நீளமான பதிவு. ஒரு பாடவேளைக்கு உரிய நீளம் இருக்கும். இரண்டு தடவையாகக்கூடப் படியுங்கள். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சந்தோஷம்தான். படிக்காமலே கை கூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் தலையாட்டினீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மறுநாள் அதே வீடியோ எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. வீட்டை விட்டுப் போய்விட்ட ஒரு கல்லூரிப் பெண்ணைப் பற்றியது. முகத்தில் பாதியை மறைத்திருந்தார்கள். மீதிப் பாதியை வைத்தே தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிடலாம். பின்னால் பேய்ப்பட இசை. "அன்று இரவு நடந்தது என்ன?" என்று இழுத்து இழுத்து ஒரு குரல். பன்னிரண்டு நிமிடம் இப்படிப் போய், கடைசி ஒரு நிமிடம் பெற்றோருக்கு அறிவுரை.

"இதை உடனே எடுத்துவிடுங்கள்" என்று நான் எழுதினேன். மூன்று பதில் வந்தது.

ஒருவன்: "உண்மைதானே டீச்சர்? பொய்யா சொல்றாங்க?"

சொந்தத்தில் ஒருத்தி: "விழிப்புணர்வுக்காகத்தான் போட்டேன் அத்தை."

மூன்றாமவன் எனக்குப் பரிந்து பேசுகிறவன் மாதிரி எழுதினான்: "அந்தக் காலத்துல கதை, நாவல் எல்லாம் ஒழுக்கமா இருந்துச்சு. செல்போன் வந்துதான் எல்லாம் கெட்டுச்சு. டீச்சர் சொல்றது கரெக்ட்."

இல்லை ராஜா, நான் அதைச் சொல்லவில்லை. உன் பதிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலம் ஒன்றும் ஒழுக்கமாக இல்லை.

என் தம்பி மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவோடு நின்றவள். ஆங்கில நாவலை அகராதி இல்லாமல் படிக்க எனக்கு வராது. போன வருஷம் அவள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் பரபரப்பு நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. "அத்தை, இதுல கன்னியர் மடம், பாவசங்கீர்த்தனம்னு நிறைய வருது, எனக்குப் புரியல" என்று என்னிடம் வந்தாள். இரண்டு மாதம், மாலை ஜெபத்துக்கு முன்னால், அவள் படித்துச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கட்டுரை எழுதி மார்க்கும் வாங்கிவிட்டாள். நான் கேட்டதுதான் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கதை தொடங்குகிற இடம் பாரிஸ். 1842-ல் எழேன் சூ என்பவர் ஒரு பத்திரிகையில் 'பாரிஸ் நகர இரகசியங்கள்' என்று தொடர்கதை எழுதினார். திருடர்கள், விலைமாதர்கள், பிரபுக்கள், இருட்டுச் சந்துகள். ஊரே அந்தப் பத்திரிகைக்காகக் காத்துக் கிடந்தது. பார்த்தார்கள் மற்ற ஊர்க்காரர்கள். லண்டனில் ரெயினால்ட்ஸ் 1844-ல் 'லண்டன் நகர இரகசியங்கள்' என்று வாரம் ஒரு பென்னி விலையில் ஆரம்பித்தார். அதே வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஜார்ஜ் லிப்பார்ட் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் 'குவேக்கர் சிட்டி' என்று ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஊரில் பெரிய மனிதர்கள் என்று பெயர் வாங்கிய வக்கீல், வியாபாரி, போதகர் எல்லோரும் இரவில் ஒரு மாளிகையில் கூடிப் பெண்களைக் கெடுப்பதுதான் கதை. முதல் வருஷத்திலேயே அறுபதாயிரம் படிகள் விற்றதாகச் சொல்கிறார்கள்.

அந்த ரெயினால்ட்ஸ்தான் கப்பல் ஏறி நம்மிடம் வந்தார். இந்தியாவில் அவருக்கு இருந்த வாசகர்கள் கொஞ்சநஞ்சமல்ல. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய நாவல்களை வரிசையாகத் தழுவி எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்த வழியில்தான் வந்தார். ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதினார், பதிப்பு மேல் பதிப்பாகப் போனது. ஆக, பிலடெல்பியாவின் நாவலும் நம் தாத்தா பாட்டிகள் படித்த துப்பறியும் நாவலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இன்றைக்கு உன் கையில் இருக்கும் வீடியோ அந்த வீட்டின் பேரப்பிள்ளை. செல்போனை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை.

இனி 'விழிப்புணர்வு'.

இந்த வார்த்தையை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. லிப்பார்டும் அதைத்தான் சொன்னார். ஏழைப் பெண்ணைக் கெடுப்பது கொலைக்குச் சமமான குற்றம், அதை உலகுக்குச் சொல்லத்தான் எழுதினேன் என்று பிந்திய பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அவர் ஏழைகள் மேல் அக்கறை உள்ளவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதையைப் பாருங்கள். பெண் கெடுக்கப்படும் வரை பக்கம் பக்கமாக நிதானம். திரைச்சீலை, விளக்கு, அவளுடைய மூச்சு, எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள், யார் அவளுக்குச் சோறு போட்டார்கள் என்பதற்கு இடம் இல்லை. நம்மூர் நாவல்களிலும் இதே கணக்குதான். முன்னூறு பக்கம் மோசடி, கடத்தல், கள்ள உறவு. கடைசி மூன்று பக்கம் தர்மம் வெல்லும். நீங்கள் போட்ட வீடியோவில் பன்னிரண்டு நிமிடமும் ஒரு நிமிடமும். விகிதம் மாறினாலும் கணக்கு அதேதான்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்த சொல்தா. பென்ஷனோடு ஊர் திரும்பியவர் ஒரு மரப்பெட்டி நிறையத் தமிழ் நாவல்களைச் சேர்த்து வைத்திருந்தார். எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும். மத்தியான வேளையில் ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டே, "ஏதாவது ஒண்ணு படி" என்பாள். நான் வடுவூராரின் 'மேனகா'வைப் படித்தேன். புருஷன் வீட்டாரே சூழ்ச்சி செய்து அந்தப் பெண்ணை ஒரு பணக்காரனுக்கு விற்றுவிடுகிற கதை. அவளைக் கொண்டுபோய் அடைத்து வைக்கும் இடம் வந்ததும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், குரலை ஏற்றி இறக்கிப் படிப்பேன். ஆயா உலக்கையை நிறுத்திவிட்டுச் சொல்வாள்:

"அந்தப் பக்கத்தத் தள்ளு. அவ ஊட்டுக்கு வந்துட்டாளா பாரு."

எனக்குக் கோபம் கோபமாக வரும். நல்ல கட்டத்தில் தள்ளச் சொல்கிறாளே என்று. "இரு ஆயா, இனிமேதான் இருக்கு" என்பேன். "இன்னா இருக்கு? ஒரு பொண்ணு அழுவுறது இருக்கு. ஊட்டுக்கு வந்துட்டாளா பாரு" என்பாள். கடைசி அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்து, வந்துவிட்டாள் ஆயா என்று சொன்ன பிறகுதான் உலக்கை மறுபடியும் இடிக்கும்.

ஐம்பது வருஷம் கழித்து, அந்த அமெரிக்க நாவல்களை என் தம்பி மகள் படித்துச் சொன்னபோதுதான் ஆயா சொன்னதன் நியாயம் எனக்குப் புரிந்தது. கதை கேட்கிற ஆட்கள் இரண்டு வகை. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று கேட்பவர்கள் ஒரு வகை. அவள் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே, சுவாரசியம் போய்விடுமே என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. பரபரப்பு எழுத்து நம்மை இரண்டாவது வகை ஆக்குகிறது. ஒழுக்கக்கேடு என்று நான் சொல்வது இதைத்தான். கதையில் பாவம் வருவது கேடு இல்லை. ஒரு பெண் அழுகிறபோது நமக்கு அடுத்த பக்கம் வேண்டும் என்று தோன்றுகிறதே, அதுதான் கேடு.

"அதெல்லாம் கற்பனைக் கதை, இது நிஜம். உண்மைதானே டீச்சர்?" என்கிறான் முதல் பிள்ளை.

முதலில், உண்மை என்று சொல்லி விற்பதெல்லாம் உண்மை இல்லை. இதைக் கத்தோலிக்கர்களான நாம் மறக்கவே கூடாது, ஏனென்றால் நாம் அடிபட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய சார்லஸ்டவுன் என்ற இடத்தில் உர்சுலைன் கன்னியர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். படித்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண்கள். 1834 ஜூலையில் ஒரு கன்னியர் மனம் குழம்பி மடத்தை விட்டு வெளியே போய்விட்டார். பிஷப் போய்ப் பேசிய பின் திரும்பியும் வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் என்ன பேசினார்கள்? பெண்ணைக் காணோம், நிலவறையில் அடைத்துவிட்டார்கள், கொன்றுவிட்டார்கள் என்று பேசினார்கள். பத்திரிகையிலும் மர்மம் என்று செய்தி வந்தது. ஊர் அதிகாரிகள் ஆகஸ்டு 11-ஆம் தேதி உள்ளே போய்ப் பார்த்தார்கள். அந்தக் கன்னியர் நல்லபடியாக இருந்தார். அதிகாரிகளுக்குத் திருப்தி. கூட்டத்துக்குத் திருப்தி இல்லை. அன்று இரவே மடத்தைக் கொளுத்தினார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கன்னியர்கள் தோட்டத்து வழியே ஓடித் தப்பினார்கள். வழக்கு நடந்தது. தண்டனை அடைந்தவன் ஒரே ஒரு பையன், அவனுக்கும் பிறகு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

எரித்ததோடு விட்டார்களா? மறு வருஷம் அந்த மடத்தைப் பற்றி 'கன்னியர் மடத்தில் ஆறு மாதம்' என்று ஒரு புத்தகம் சுடச்சுட விற்றது. 1836-ல் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. மரியா மாங்க் என்ற பெண், மான்ட்ரியால் கன்னியர் மடத்திலிருந்து தப்பி வந்ததாகச் சொல்லி வெளியிட்ட புத்தகம். குருமார்கள் இரகசிய வழியாக வருவார்கள், பிறக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுக் கொல்வார்கள் என்று அதில் இருந்தது. நியூயார்க்கின் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஸ்டோன், அவர் ஒரு புராட்டஸ்டண்டு, நேரில் போய் மடம் முழுவதையும் பார்த்துவிட்டு அத்தனையும் பொய் என்று எழுதினார். யார் கேட்டார்கள்? புத்தகம் பல லட்சம் விற்றது. அதில் சம்பாதித்தவர்கள் அவளைச் சுற்றி இருந்தவர்கள். மரியா மாங்க் 1849-ல் நியூயார்க்கில் வறுமையில் செத்துப்போனாள். அவளும் மனம் சரியில்லாத ஒரு பெண்தான். அந்தப் பிள்ளையைப் பற்றி நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வருகிறது.

இதைப் படித்து நம் கத்தோலிக்கச் சொந்தங்களுக்கு இரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' ஒரு மடாதிபதியின் லீலைகளைச் சொல்லுகிற கதை. 1936-ல் சினிமாவாகவும் வந்தது. சொல்தா தாத்தா பெட்டியில் அதுவும் இருந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "பாத்தியா இவங்க மடத்தோட லட்சணத்த" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். பிலடெல்பியாவில் 1844 மே மாதம், எந்த பைபிளைப் பள்ளியில் படிப்பது என்ற தகராறில், நம்முடைய இரண்டு கோவில்களைக் கொளுத்தினார்களே, அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் கன்னியர் மடக் கதைகளைப் படித்து இப்படித்தான் சிரித்திருப்பார்கள். அடுத்தவன் வீட்டுக் கதவு மூடியிருந்தால் உள்ளே அசிங்கம் நடக்கிறது என்று நம்ப நமக்கெல்லாம் ஆசை. நம் வீட்டுக் கதவு என்றால் மட்டும் அவதூறு.

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போனது உண்மை. அப்போது?

அப்போதும் பாவம்தான்.

இதைச் சொன்னால் உங்களில் பலர் ஆச்சரியப்படுவீர்கள். ஞானோபதேச வகுப்பில் எட்டாம் கட்டளை என்றால் பொய்ச் சாட்சி சொல்லாதே என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவோம். பொய் சொல்லாவிட்டால் போதும் என்று நினைப்பு. 1992-ல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2477-ஆம் பத்தியைப் பாருங்கள். பொய்யான குற்றத்தைச் சுமத்துவது ஒரு பாவம். உண்மையான குற்றத்தையே, தக்க காரணம் இல்லாமல், அது தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வது இன்னொரு பாவம். இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. உண்மைதானே என்ற பதில் முதல் பாவத்திலிருந்து மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

எங்கள் மதத்தில் பாவத்தைச் சொல்வதற்கு ஓர் இடம் உண்டு. அங்கே என் பாவத்தை நானே சொல்கிறேன், அடுத்தவர் பாவத்தைச் சொன்னால் குருவானவர் நிறுத்திவிடுவார். கேட்டவர் செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. சொல்வது மெல்லிய குரலில். முடிவில் மன்னிப்பு. பரபரப்புக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தவள் பாவத்தை, சம்பந்தமே இல்லாதவன், ஊர் முழுக்கக் கேட்கும்படி, காசுக்குச் சொல்கிறான். முடிவில் மன்னிப்பும் கிடையாது, 'அடுத்த பகுதியில் தொடரும்' என்பதுதான்.

1841-ல் நியூயார்க்கில் மேரி ரோஜர்ஸ் என்ற பெண்ணின் உடல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. புகையிலைக் கடையில் வேலை பார்த்த பெண். கொன்றவர் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பத்திரிகைகள் மாதக்கணக்கில் அவளை விற்றன. மறு வருஷமே எட்கர் ஆலன் போ அவள் பெயரைக் கொஞ்சம் மாற்றி, ஊரைப் பாரிஸ் ஆக்கி, துப்பறியும் கதை எழுதினார். போ பெரிய எழுத்தாளர் என்கிறார்கள், இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு தாய் இருந்தாள் என்பதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

அமெரிக்காவை விடுங்கள். சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகையரின் அந்தரங்கம்தான் சரக்கு. ஊரே திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தது. 1944 நவம்பரில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இரண்டு வருஷத்துக்கும் மேல் ஜெயிலில் இருந்துவிட்டு 1947-ல் வெளியே வந்தார்கள். பாகவதரின் வாழ்க்கை பழையபடி நிமிரவே இல்லை. எழுதியவன் உயிரும் போயிற்று, எழுதப்பட்டவர்கள் வாழ்வும் போயிற்று. காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நீங்கள் கேட்கப் போகிற கேள்விகள் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் கேள்வி வாங்கியவள்.

"பைபிளில் தாவீது, பத்சேபா கதை இல்லையா?" இருக்கிறது. எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். பாவம் நாலைந்து வசனத்தில் முடிந்துவிடும். அதன் விளைவும் மனந்திரும்புதலும்தான் நீளம். அதோடு, நாத்தான் இறைவாக்கினர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சந்தைக்குப் போய்ச் சொல்லவில்லை. பாவம் செய்த ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

"அப்படியானால் குருமார் தப்புச் செய்தாலும் மூடி மறைக்கச் சொல்கிறீர்களா?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால்தான் நான் வருத்தப்படுவேன். இல்லை, மறைக்கச் சொல்லவில்லை. அதே பாஸ்டன் நகரத்தில், 2002-ல் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை, குருமார் சிலர் சிறுபிள்ளைகளுக்குச் செய்த கொடுமையையும், மேலிடம் அதை மறைத்ததையும் எழுதியது. 1834-ல் எழுதியது பொய், 2002-ல் எழுதியது உண்மை என்பது மட்டும் வித்தியாசம் இல்லை. 2002-ல் எழுதியதால் இன்னும் பல பிள்ளைகள் காப்பாற்றப்பட்டார்கள். வாய் திறக்க முடியாமல் இருந்தவர்கள் வாய் திறந்தார்கள். பலம் உள்ளவனைக் கேள்வி கேட்டார்கள். மறைக்கல்வி சொல்லும் 'தக்க காரணம்' என்பது இதுதான். அங்கே மௌனம்தான் பாவம், அந்தப் பாவத்தை நம் ஆட்கள் செய்தார்கள். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் போலீசுக்குப் போங்கள், பிஷப்புக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன். ஆனால் வாட்ஸ்அப் குழு போலீஸ் ஸ்டேஷன் இல்லை.

"அப்போ எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமா?" எங்கள் திருச்சபை அதையும் செய்து பார்த்தது. தடை செய்த நூல்களுக்கு 1559 முதல் 1966 வரை ரோமாபுரியில் ஒரு பட்டியலே இருந்தது. எழேன் சூ அதில் இருந்தார். சரி என்று சொல்லலாம். ஆனால் விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்' நாவலும் 1864 முதல் 1959 வரை அதில் இருந்தது! திருடிக்கொண்டு போனவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பும் அந்த பிஷப்பைப்போல ஒரு பிஷப்பை வேறு எந்த நாவலிலும் நான் பார்த்ததில்லை. நம் புதுச்சேரியில் ஆசிரமத்தில் இருந்த சுத்தானந்த பாரதியார்தான் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அதிலும் கெட்டுப்போன பெண் வருகிறாள். ஹியூகோ அவளை நமக்குக் காட்டும்போது, அவளுக்கு ஒரு போர்வை கொடுக்க மாட்டோமா என்று தோன்றும். சூவையும் ஹியூகோவையும் ஒரே பட்டியலில் போட்டவர்கள் கதையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். படிக்கிறவன் மனசில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் நடந்தது. 1850-ல் ஹாதார்ன் 'ஸ்கார்லெட் லெட்டர்' எழுதினார். தவறிய ஒரு பெண்ணின் நெஞ்சில் சிவப்பு எழுத்தைக் குத்தி, ஊர் வேடிக்கை பார்க்கும் கதை. ப்ரௌன்சன் என்ற கத்தோலிக்க அறிஞர் அதைச் சாடினார். வருத்தம் இருக்கிறது, உண்மையான மனந்திரும்புதல் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரு கத்தோலிக்கராக அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் எனக்கு அந்த நாவல் பிடித்தது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத்தான் அதில் வெட்கப்பட வைக்கிறார்கள், அந்தப் பெண்ணை இல்லை. ஹாதார்னின் கடைசி மகள் ரோஸ் 1891-ல் கத்தோலிக்கர் ஆனார். பிறகு கன்னியராகி, யாரும் பக்கத்தில் போகாத ஏழைப் புற்றுநோயாளிகளுக்காக நியூயார்க்கில் இல்லம் நடத்தி, 1926-ல் இறந்தார். அந்த அப்பாவுக்கு இந்த மகள் பிறந்தது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

நம்மிலும் ஒருவர் இருந்தார். தமிழின் முதல் நாவல் என்று பாடம் நடத்தினேனே, 1879-ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்', அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப் வேலை பார்த்தவர். ஊரார் குற்றங்களெல்லாம் தினமும் அவர் மேசைக்கு வந்தன. அவர் நினைத்திருந்தால் ஒரு 'மாயூரம் இரகசியங்கள்' எழுதிக் காசு பார்த்திருக்கலாம். அவர் சிரிக்க வைக்கிற கதையும் கெட்டிக்காரப் பெண் ஞானாம்பாளையும் எழுதினார். நீதிமன்றத்தில் கேட்டதை நீதிமன்றத்திலேயே விட்டார்.

கடைசியாக, என் பாவம். அடுத்தவர் பாவத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு என்னுடையதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

எண்பதுகளில் ஒரு நாள். எட்டாம் வகுப்பு. ஒரு பிள்ளை வரலாற்றுப் புத்தகத்துக்குள் மாத நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். 'இதுதான் இவள் படிக்கும் லட்சணம்' என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். அன்றைக்கு 'விழிப்புணர்வு' என்ற வார்த்தை புழக்கத்தில் இல்லை, இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை அதன் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை. நூலகப் பாடவேளையில் புத்தகம் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். நாவல் அவளைக் கெடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை முப்பத்தைந்து பேருக்கு வாசித்துக் காட்டிய நான்தான் அந்த நாவலாசிரியனைவிட மோசமான வேலையைச் செய்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. அம்மா, நீ இந்தப் பதிவைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினேன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உன் பெயரை மட்டும் சொல்லமாட்டேன்.

இப்போது அந்த வீடியோ.

அந்தப் பிள்ளையின் தாயை எனக்குத் தெரியும். இதற்கு மேல் அடையாளம் சொன்னால் நானும் அதே தொழிலைச் செய்தவள் ஆவேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதுவும் தாயிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அந்தப் பிள்ளை மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் சண்டை, தோழி வீட்டில் இருந்தாள், வந்துவிட்டாள். வீடியோ அதற்கு அப்புறம்தான் போட்டிருக்கிறார்கள். இன்றுவரை அது சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளை கல்லூரிக்குப் போக மறுக்கிறாள். பஸ்ஸில் யாராவது செல்போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று பயப்படுகிறாளாம்.

அதை அனுப்பிய உங்களில் ஒருவராவது, அவள் வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டீர்களா? இரண்டு குழுவிலும் தேடிப் பார்த்தேன். நூறுக்கு மேல் பதில்கள் இருந்தன. 'அடப்பாவி', 'காலம் கெட்டுப்போச்சு', 'பார்ட் 2 எங்கே?' என்றெல்லாம் இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயா கேட்டிருப்பாள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வீடியோவை எடுத்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களிடமும் எடுக்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் டீச்சர் திட்டினார்கள் என்று என் மேல் பழியைப் போடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். இன்னொரு முறை இப்படி ஒன்று கைக்கு வந்தால் விரலை வைப்பதற்கு முன்னால் இதனால் யாருக்காவது காப்பு உண்டா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோவிலுக்குப் போகிறேன், அந்தப் பிள்ளைக்காக ஒரு மெழுகுவர்த்தி. கூட வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இருங்கள். யாருக்காக என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ரெட்டியார்பாளையம்